கடன் தீர்த்த கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்கு 20 நிமிடம் கொடுத்து, "சிக்கனத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்க" என்றார். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளிடம் சிக்கனம் பேசுவது மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தருகிற கதைதான். இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தறிக்குழிக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாத சிக்கனம் எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? அதனால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சிக்கனமாகவே இருக்கிற வீட்டில் கடன் ஏன் தீருவதில்லை, எப்படித் தீரும் என்பதைப் பற்றிச் சொல்லிட்டுப் போயிடறேன்.

நெசவாளி வீட்டில் கடன் ஊதாரித்தனத்தால் வருவதில்லை. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், எடை போட்டுக் கொடுப்பார். சேலையாகத் திரும்பி வரும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார். நெசவாளிக்குக் கூலி மட்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கிற கோர்வைச் சேலை என்றால், நெய்கிறவர் போக, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பத்து, பதினைந்து நாள். சேலை இறங்கினால்தான் காசு. இடையில் காய்ச்சல், சாவு, திருவிழா எது வந்தாலும் காசு இல்லை.

அப்புறம் மழை. ஐப்பசி கார்த்திகையில் குழித்தறியில் தண்ணீர் ஊறும். காற்றில் ஈரம் ஏறினால் பாவு ஒன்றோடொன்று ஒட்டும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற வேலை அடியோடு நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்துக்கும் வயிறு மட்டும் லீவு எடுப்பதில்லை. பத்து மாதம் பார்த்துப் பார்த்து மிச்சப்படுத்தியது அந்த இரண்டு மாதத்தில் போய், மேற்கொண்டு கைமாற்றும் வாங்கித் தையில் மறுபடி ஆரம்பிப்போம். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கும், எங்களைப் போலச் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். வேறு யார் கணக்கையும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. 1978ல் அக்கா கல்யாணம். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்தபோது கடன் 3,500 ரூபாய். நான்கு விதமான கடன். முதலாளியிடம் முன்பணம் 1,500. புரோநோட்டு எழுதி மூணு வட்டிக்கு வாங்கியது 1,200. அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில், 600க்கு, ரெண்டு வட்டி. மளிகைக் கடைப் பற்று 200. அப்போது எங்களுக்கு ஒரு சேலைக்குக் கூலி 140 ரூபாய். மாதம் மூன்று சேலை இறங்கினால் அது நல்ல மாதம்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்று உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு 36 சதவீதம். 1,200க்கு மாதம் 36 ரூபாய். அடகு வட்டி 12 ரூபாய். ஆக 48 ரூபாய், அசலில் ஒரு காசு குறையாமல். இதில் முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்றுதான் ஊரெல்லாம் சொல்லும், அப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். "முதலாளி நல்ல மனுஷன், வட்டி கேக்கறதில்லை" என்பார்.

அம்மா மூன்றாம் வகுப்பு. அவர்தான் ஒரு நாள் கேட்டார்: "அடுத்த வீட்டுக்காரருக்கு இதே சேலைக்கு 150 குடுக்கறாங்களே, நமக்கு மட்டும் ஏன் 140?" அடுத்த வீட்டுக்காரர் முன்பணம் வாங்காதவர். யாரிடமும் நெய்வார். எங்களுக்கு அது முடியாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரை அந்த ஒரு முதலாளிதான். கூலி எவ்வளவு என்று அவர் சொல்வதுதான். சேலைக்கு 10 ரூபாய் குறைவு, மாதம் மூன்று சேலை, ஆக 30 ரூபாய். 1,500க்கு மாதம் 30 என்றால் எவ்வளவு? ரெண்டு வட்டி! வட்டியில்லாக் கடன் என்று பெயர், ஆண்டுக்கு 24 சதவீதம் கூலியிலேயே பிடித்தாகிவிட்டது. நான் பிறகு இந்தக் கல்லூரியில் வணிகவியல் படித்தேன். மறைமுக வட்டியைப் பற்றிப் பேராசிரியர் பாடம் எடுத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அந்தப் பாடம் ஏற்கனவே முடிந்திருந்தது.

முன்பணத்தில் இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. 1979 தொடக்கத்தில் வேறொரு தறிக்காரர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் நல்லவர்கள். "என்னம்மா, சின்னப் பையனைக் கரை வாங்கிப் போட எங்க தறிக்கு அனுப்பேன். 300 ரூபாய் முன்னாடியே தர்றேன். தொழிலும் கத்துக்குவான்" என்றார். தம்பிக்கு அப்போது 9 வயது. 300 ரூபாய் எங்களுக்கு இரண்டு சேலைக் கூலிக்கு மேல். அப்பா பதில் சொல்லாமல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான், "அவன் பள்ளிக்கூடம் போறானுங்க ஐயா. வேற ஆள் பாருங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்.

அப்படிச் சொல்ல முடியாமல் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. அதற்கப்புறமும் 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு இந்தியப் பட்டுத்தொழிலில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, நம் காஞ்சிபுரத்தின் பெயர் அதில் இருந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். மழை மாதத்தில் அரிசிப்பானை காலியாக இருக்கும்போது 300 ரூபாய் நோட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

சரி, அம்மா என்ன செய்தார்? சிக்கனத்தை அவர் வேறு இடத்தில் ஆரம்பித்தார். காபியை நிறுத்தவில்லை. அப்பாவின் வெற்றிலை பாக்கிலும் கை வைக்கவில்லை. "தறியில உக்காந்திருக்கிற மனுஷனுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்பார். அவர் கை வைத்தது மளிகைப் பற்றில். தினம் தினம் கால் கிலோ பருப்பு, நூறு எண்ணெய் என்று பற்று நோட்டில் எழுதி வாங்குகிற வீடு எப்போதும் கூடுதல் விலைதான் கொடுக்கும், எடையும் கேட்க முடியாது. காரணம், கடன்காரன் வாயைத் திறக்க முடியாது. மாதத்துக்கு ஒரே தடவை ரொக்கத்துக்கு வாங்கினால் எங்கள் வீட்டுக்கு 18 ரூபாய் மிச்சம். ஆனால் அதற்கு ஒரு மாதச் சாமானுக்கான ரொக்கம் கையில் வேண்டும். ஏழைக்குச் சிக்கனம் செய்யவே முதல் வேண்டும், அதுதான் வேடிக்கை. சென்னையில் 1904ல் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான். நியாய விலைக்குச் சரியான எடையில் மளிகை.

அந்த முதலுக்காகத்தான் பீரோவில் இருந்த அம்மாவின் கல்யாணப் பட்டு வெளியே வந்தது. "பழைய பட்டுச் சேலை வாங்குவோம்" என்று தெருவில் கூவிக்கொண்டு போவார்களே, அவர்களிடம் போட்டார். சேலைக்காக யாரும் வாங்குவதில்லை, ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்காகத்தான். பட்டு நெய்கிற வீட்டில் இருந்த ஒரே பட்டு அது. 2008ல் பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம் வந்தபோது, பிரகாஷ்ராஜ் நடிப்பைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். மகளுக்குப் பட்டு நெய்து தர ஆசைப்பட்டு, நூலை ஒளித்து ஒளித்து எடுத்து வருகிற நெசவாளியின் கதை. அம்மாவை அழைத்துப் போனேன். அவர் அழவில்லை. "அவ்ளோ நூலு எடுத்தா எடையில தெரிஞ்சிடுமே" என்றார்.

அடுத்து வருமானம். இங்கேதான் மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சிக்கனத்துக்கு ஒரு அடிமட்டம் உண்டு. எங்கள் வீடு அதைத் தொட்டுவிட்டது. மளிகையில் 18 ரூபாய்க்கு மேல் ஒரு காசு குறைக்க முடியவில்லை. அப்படியானால் வெளியிலிருந்துதான் பணம் வர வேண்டும். அம்மா காலையில் வாசலில் இட்லி போட்டார். மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட நம்ம ஊர் கோவில் இட்லி அல்ல, அது கட்டுப்படியாகாது, சாதாரண இட்லிதான். செலவு போக நாளைக்கு 2 ரூபாய் நிற்கும். மாலையில் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், தலைக்கு மாதம் 5 ரூபாய். இரவு ஏழு முதல் ஒன்பது வரை காந்தி ரோட்டில் ஒரு கடையில் பேரேடு எழுதினேன், 60 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதம் 140, 150. கிட்டத்தட்ட நாலாவது சேலை! தறியே இல்லாமல் இறங்கிய சேலை.

இதில் ஒன்றும் வெட்கப்பட இல்லை. நம் ஊர்க்காரர், பின்னால் தமிழ்நாட்டின் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, வீட்டுச் செலவுக்காகப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு இந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர்தான். அப்புறம்தான் சென்னைக்குக் கல்லூரிக்குப் போனார்.

1979ல் எங்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம் அடித்தது. அத்தி வரதர் எழுந்தருளினார். நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வருகிறவர். சின்ன காஞ்சிபுரமே வெளியூர் ஜனத்தால் நிரம்பிவிட்டது. அம்மா புளியோதரையும் பானகமும் நீர்மோரும் போட்டார். திண்ணையில் படுத்தவர்கள் போகும்போது எட்டணா, ஒரு ரூபாய் கொடுத்தார்கள். விழா முடிந்து எண்ணிப் பார்த்தால் 640 ரூபாய். அப்பா அதில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. யார் வீட்டிலிருந்து வந்ததோ, நாங்கள் ஹார்லிக்ஸ் குடித்ததில்லை. தறிக்கூலி ஒன்றில், அது குடும்பச் செலவுக்கு. இட்லி, டியூஷன், பேரேடு, பானகம் எல்லாம் மற்றொன்றில், அது கடனுக்கு மட்டும். பண்டிகை வந்தாலும், விருந்தாளி வந்தாலும், கடன் பாட்டிலைத் திறக்கக் கூடாது. கூடுதல் வருமானம் வந்தும் கடன் தீராத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இரண்டு பணமும் ஒரே பாட்டிலில் கிடந்தன.

முதலில் மூணு வட்டிக் கடன். 640ஐ அப்படியே அசலில் கட்டினோம். 1980 பங்குனிக்குள் அது ஒழிந்தது. மாதா மாதம் வட்டிக்குப் போன 36 ரூபாயும் அன்றிலிருந்து அதே பாட்டிலுக்கு வந்தது. அடுத்து வளையல். அடகுக் கடையிலிருந்து மீட்டு, கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு வைத்து, ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தும் மீட்டோம். மழைக்கென்று அஞ்சலகத்தில் தனியாக மாதம் 15 ரூபாய் போட்டு வந்தோம். அது இல்லாவிட்டால் ஐப்பசியில் மறுபடி புரோநோட்டு எழுத வேண்டி வந்திருக்கும். கடைசியாக முன்பணம். 1982 ஆடிக்குள் 1,500ஐயும் எண்ணி வைத்தோம். முதலாளி கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றும் சொல்லலாம். அதே மாதம் அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானார்.

கூட்டுறவு என்றதும் இங்கே முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நான் அந்தத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதன் குறைகள் உங்களைவிட எனக்கு அதிகம் தெரியும். இருந்தாலும் ஒரு செய்தி சொல்கிறேன். வெள்ளைக்காரர் ஆட்சியில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராம மக்களைச் சேர்த்து நடத்திய கடன் சங்கங்களையெல்லாம் ஆராய்ந்து, 1895லும் 1897லும் சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, இந்த நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. எங்கே தெரியுமா? பம்பாயிலும் இல்லை, கல்கத்தாவிலும் இல்லை. நம் காஞ்சிபுரத்தில்! பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி அதன் வழி வந்ததுதான். ஏகாம்பரநாதரைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லாவிட்டாலும், நம் பிள்ளைகளுக்காவது நாம் இதைச் சொல்ல வேண்டாமா?

நெசவாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகு அப்பாவின் கூலியில் ரூபாய்க்கு 8 காசு சேமிப்புக்குப் பிடித்தார்கள். அரசு 4 காசு சேர்த்தது. 1975ல் வந்த திட்டம். பிடித்தம் என்றால் அப்பாவுக்கு முதலில் கோபம்தான். தம்பியைக் கல்லூரியில் சேர்க்கும்போது அந்தக் கோபம் போயிற்று. ஆமாம், அதே தம்பிதான். இந்தக் கல்லூரியில் 1990ல் பட்டம் வாங்கினான்.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போ எங்க சார் தறி, என்று மாணவர்கள் நினைப்பீர்கள். உங்களில் பலர் வீட்டில் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டுக்குப் போகிறார். தறி இருக்கிற வீடுகளில் 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம், அது நல்ல உதவி. ஆனால் கடன் போய்விடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று எழுதிவிட்டுக் கையில் 9,000 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "வெறும் ஆயிரம் ரூபாதாங்க வட்டி" என்பார்கள். ஆனால் அந்த 9,000 நூறு நாளும் உங்கள் கையில் இல்லையே, முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு போகிறதே. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 75 சதவீதத்துக்குக் குறையாது. மூணு வட்டியைப் போல இரண்டு மடங்கு! கந்துவட்டித் தடுப்புச் சட்டம் 2003லேயே வந்தது. எத்தனை பேர் போய்ப் புகார் கொடுத்தோம்?

செல்போனில் வருகிற கடன் ஆப்களும் அப்படித்தான். ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டிருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று முதலிலேயே எழுத்தில் காட்ட வேண்டும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கப் பழகுங்கள். காட்டாவிட்டால் தொடாதீர்கள்.

இன்னொரு வகை, கடன் தீர்க்கச் சுலப வழி காட்டுகிறவர்கள். 1990களில் சீட்டுக் கம்பெனிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் வரிசையாக மூடிக்கொண்டு போனதால்தான், 1997ல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டமே வந்தது. இருந்தும் 2022ல் நம் வட மாவட்டங்களில் மறுபடி அதே கூத்து. ஒரு லட்சம் போட்டால் மாதம் 30,000 என்றார்கள். நகையை அடகு வைத்துப் போட்டார்கள், வீட்டை எழுதிவைத்துப் போட்டார்கள். படித்தவர்கள்தான் அதிகம். மாதம் 30,000 கிடைக்கிற தொழில் ஒன்று அவன் கையில் இருந்தால், உங்கள் ஒரு லட்சத்துக்கு அவன் ஏன் அலைகிறான்? மூன்றாம் வகுப்புப் படித்த அம்மா இதைத்தான் கேட்டிருப்பார்.

நேர்மையான கூடுதல் வேலை இந்த ஊரில் இன்றும் கிடைக்கிறது. சேலை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறார்கள், ஃபால்ஸ் வைத்துத் தைக்கிறார்கள், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்கள். நம் மாணவியர் பலர் இதில் மாதச் செலவைச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். கோவில் வாசலில் நின்று வெளியூர்க்காரர்களைப் பட்டுக் கடைக்கு அழைத்துப் போய்க் கமிஷன் வாங்குகிற பையன்களையும் பார்க்கிறேன். வருமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கமிஷன் சேலை விலையில் ஏறுகிறது, நெசவாளி கூலியில் ஏறுவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 2022ல் வந்த புதுமைப் பெண், 2024ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறுகிறவர்கள், வீட்டில் கடன் இருந்தால் அதில் ஒரு பகுதியையாவது அந்த இரண்டாவது பாட்டிலில் போட்டுப் பாருங்கள். வட்டி அதிகமான கடனிலிருந்து ஆரம்பியுங்கள். தொல்லை அதிகமான கடன்காரரிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்போது பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வுக் கட்டணத்துக்காகத் தண்டல் வாங்குகிற மாணவன் இந்த வளாகத்தில் இருக்கிறான். யார் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியும். நம் சங்கத்தில் ஒரு சிறு நிதி வைத்தால் என்ன? வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. வேலைக்குப் போன பிறகு தவணையில் திருப்பித் தரட்டும். அது அடுத்தவனுக்குப் போகட்டும். தருமமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், நான் வாங்கியிருக்க மாட்டேன். கடனாகத்தான் கொடுக்க வேண்டும்.

பொருளாளரிடம் ஒரு நீளவாக்குக் கணக்கு நோட்டு கொடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும் 5,000 ரூபாயும் இருக்கிறது. மீதி 191 பக்கம் காலியாக இருக்கிறது. வீட்டுக் கடன் கணக்கை எழுதிப் பார்க்க நினைக்கிற மாணவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடிக்கு வாங்க. ஒரு பென்சில் கொண்டுவந்தால் போதும், தாள் நான் வைத்திருக்கிறேன். பந்தியில் கோவில் இட்லி போடுகிறார்களாம், நான் இன்னும் பேசினால் ஆறிவிடும்.